வெயில் ஒவ்வாமைத் தடிப்பு: வயல் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியவையும் சன்ஸ்கிரீன் தேர்வும்

விவசாயிகளுக்கான பயிற்சி முகாம்களில் பயிர், பூச்சி, உரம் பற்றிய கேள்விகள் எல்லாம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், யாராவது ஒருவர் சட்டைக் கையை மடித்துக் காட்டி, “வெயில் ஒத்துக்கவே மாட்டேங்குது சார், இதுக்கு என்ன போடலாம்?” என்று கேட்பது வழக்கம். முன்கையிலும் பிடரியிலும் அரிப்புடன் கூடிய சிறு சிறு தடிப்புகள் இருக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு களிம்பையும் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். தடவினால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது என்பார். இப்படியே இரண்டு மூன்று கோடைகளைக் கடத்தியவர்களும் உண்டு.

நான் தோல் மருத்துவர் அல்ல. நோயைக் கண்டறிந்து மருந்து தருவது மருத்துவரின் வேலை. ஆனால் இந்தத் தடிப்புகளில் பலவற்றுக்கான காரணம் வயலிலும் வரப்பிலும்தான் இருக்கிறது என்பதால், இதை வேளாண்மைப் பக்கத்திலும் பேச வேண்டியிருக்கிறது. பல நேரங்களில் வெயில் தனியாக வேலை செய்வதில்லை. பார்த்தீனியச் செடி, எலுமிச்சைச் சாறு, காய்ச்சலுக்குச் சாப்பிட்ட மாத்திரை, மேலே பட்ட பூச்சிமருந்து என இன்னொன்று அதோடு சேர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எவ்வளவு விலை கொடுத்து சன்ஸ்கிரீன் வாங்கினாலும் பலன் குறைவுதான். எனவே முதலில் காரணத்தை அறிவது, அடுத்து உடலை மூடிக்கொள்வது, கடைசியாக சன்ஸ்கிரீன் பூசுவது என்ற வரிசையில் இந்தக் கட்டுரை செல்கிறது.

வெயிலில் தோலைப் பாதிப்பது எது?

வெயிலின் சூடு வேறு, அதிலுள்ள புற ஊதாக் கதிர் வேறு. தடிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் புற ஊதாக் கதிர்தான். தோலுக்கு வந்து சேரும் இந்தக் கதிரில் ஏ, பி என இரண்டு வகை உண்டு. பி வகை தோலின் மேற்பரப்பைச் சுட்டுக் கருக்கச் செய்யும். ஏ வகை தோலுக்குள் ஆழமாக இறங்கும். மேகத்தையும் கண்ணாடியையும் கடந்து வரும். ஒவ்வாமைத் தடிப்புகளில் ஏ வகைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால்தான் மேகமூட்டமான நாளிலும், வேன் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாலும் சிலருக்குத் தடிப்பு வருகிறது.

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை இந்தக் கதிர்கள் வலுவாக இருக்கும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். மலைப்பகுதியில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். உயரம் ஒவ்வொரு 1000 மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிரின் அளவு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பதே தெரியாது; ஆனால் தேயிலைத் தோட்டத்திலும் காய்கறி வயலிலும் நிற்பவர்களின் தோலுக்கு அந்தக் கதிர் தெரியும்.

கருத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. கருமை நிறமி தோல் வெந்துபோவதை ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வாமையை அது தடுக்காது.

காரணத்தைக் கண்டறிய ஐந்து கேள்விகள்

மருத்துவரிடம் போவதற்கு முன்பே, கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளுக்கான பதிலை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

1. தடிப்பு எங்கே இருக்கிறது? சட்டைக் கை முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல் நின்றுவிடுகிறதா? அல்லது கண் இமை, காது மடலுக்குப் பின்புறம், தாடைக்கு அடிப்புறம், முழங்கை மடிப்பு போன்ற வெயில் அதிகம் படாத இடங்களிலும் இருக்கிறதா?

2. வெயிலில் நின்ற எவ்வளவு நேரத்தில் வருகிறது? சில நிமிடங்களிலா, சில மணி நேரத்திலா, இரண்டு நாள் கழித்தா?

3. எந்த மாதத்தில் தொடங்குகிறது? கோடை தொடக்கத்திலா, மழைக்குப் பின்னால் களை மண்டும்போதா, ஆண்டு முழுவதுமா?

4. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் என்ன வேலை செய்தீர்கள்? எந்தச் செடியைத் தொட்டீர்கள், எந்த மருந்து தெளித்தீர்கள்?

5. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? தோலில் என்ன தடவுகிறீர்கள்?

தடிப்பு கடுமையாக இருக்கும் நாளில் செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது. மருத்துவரைப் பார்க்கும் நாளில் தடிப்பு அடங்கிப் போயிருக்கலாம்.

வெயில் மட்டுமே காரணமானால்

வெயில் ஒவ்வாமை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் அதிகம் காணப்படுவது, வெயிலில் நின்ற சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் வரும் அரிப்புத் தடிப்பு. நம் மக்களின் தோலில் இது குண்டூசித் தலை அளவுள்ள சிறு பருக்களாக, முன்கையின் வெளிப்புறத்திலும் பிடரியிலும் கழுத்தின் முன்பக்கத்திலும் தோன்றும். இளம் வயதுப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும். கோடை தொடங்கும்போது கடுமையாக இருந்து, தோல் வெயிலுக்குப் பழகப் பழகக் குறைவதும் உண்டு. வெயிலைத் தவிர்த்தால் சில நாட்களில் வடு இல்லாமல் மறையும்; அடுத்த ஆண்டு மீண்டும் வரும்.

இன்னொரு வகை அரிதானது. வெயிலில் நின்ற சில நிமிடங்களிலேயே கொசு கடித்ததுபோலத் தடித்துச் சிவந்து அரிக்கும். நிழலுக்கு வந்தால் ஓரிரு மணி நேரத்தில் சுவடு தெரியாமல் மறைந்துவிடும். உடலின் பெரும்பகுதியில் ஒரே நேரத்தில் வந்தால் மயக்கம்கூட வரலாம். இந்த வகை இருப்பவர்கள் தனியாக வயலில் நிற்கக் கூடாது. மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டும்.

வெயில்மேல் பழி போடும் பார்த்தீனியம்

1950களில் புனே பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பரவிய பார்த்தீனியம் இன்று தரிசு நிலம், சாலையோரம், வாய்க்கால் கரை, வரப்பு என எங்கும் நிற்கிறது. இதன் இலை, தண்டு, பூ, நுண்ணிய ரோமம் ஆகியவற்றில் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. செடியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து வந்து முகத்தில் படிந்தாலே போதும். பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு பருவத்தில் திடீரென ஒவ்வாமை தொடங்கலாம். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் தொடரும்.

வெயில் தடிப்பிலிருந்து இதைப் பிரித்தறிய, முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். தூசு எங்கெல்லாம் தங்குமோ அங்கெல்லாம் தடிப்பு இருக்கும்: மேல் இமை, காதுக்குப் பின்புறம், தாடைக்கு அடியில், கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல, பார்த்தீனிய ஒவ்வாமை உள்ள சிலருக்குத் தோல் வெயிலையே தாங்காத நிலைக்குப் போய்விடுகிறது. முகமும் பிடரியும் தடித்து, கருத்து, தோல் யானைத் தோல்போல ஆகிவிடும். இந்தக் கட்டத்தில் வந்து “வெயில் ஒத்துக்கலை” என்று சொல்பவருக்கு சன்ஸ்கிரீன் மட்டும் கொடுத்தால் நோய் நிற்காது. செடியிலிருந்து அவரை விலக்க வேண்டும். தோல் மருத்துவமனைகளில் முதுகில் பட்டை ஒட்டிச் செய்யும் ஒவ்வாமைச் சோதனை மூலம் இதை உறுதி செய்யலாம்.

பார்த்தீனியம் முளைத்து ஒரு மாதம் அளவிலேயே பூக்கத் தொடங்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். எனவே மழைக்குப் பின் முளைத்த செடிகளைப் பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கையும் வாயையும் மூடும் துணி ஆகியவை கட்டாயம். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலைக்குப் போகக் கூடாது. நூறு நாள் வேலையில் சாலையோரம் சுத்தம் செய்யும் பெண்கள் வெறும் கையால் இதைப் பிடுங்குவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். பணித்தளப் பொறுப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூக்காத செடியை மட்கவைத்து உரமாக்கலாம். பிடுங்கிய செடியைக் கொளுத்திப் புகையில் நிற்க வேண்டாம்.

பயிர் செய்யாத வெற்று நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து, பூப்பதற்கு முன் செடி நன்கு நனையும்படி வெயில் நேரத்தில் தெளிக்கலாம். வரப்பிலும் வயலிலும் இதைச் செய்யக் கூடாது, மண் உவர்ப்பாகிவிடும். தெளித்த பின் தெளிப்பானை நல்ல தண்ணீரில் கழுவி வைக்கவும். தரிசில் ஆவாரை, துத்தி போன்ற செடிகளை வளரவிட்டால் அவை பார்த்தீனியத்தை நெருக்கி அடக்கும்.

எலுமிச்சைச் சாறும் வெயிலும்

தென்காசி மாவட்டம் புளியங்குடி போன்ற எலுமிச்சைப் பகுதிகளில் பறிப்பவர்களும் தரம் பிரிப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் வெயிலோடு வினைபுரியும் பொருட்கள் உள்ளன. சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். இது ஒவ்வாமை அல்ல, யாருக்கும் வரலாம். பட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்துச் சிவந்து, இரண்டு மூன்று நாட்களில் கொப்புளமாகி, பிறகு சாறு வழிந்த தடத்திலேயே கறுப்புக் கோடாக நிற்கும். அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகலாம். அத்திப் பாலும் இப்படிச் செய்யும். வெண்புள்ளிக்குப் பயன்படுத்தும் கார்போகரிசியும் இதே தன்மையுடையது. அதை வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கக் கூடாது.

பறித்து முடித்ததும் நிழலுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவுவதே இதற்குத் தீர்வு. முகம் பளபளக்க எலுமிச்சைச் சாறு தடவிவிட்டு வயலுக்குப் போகும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

மாத்திரையால் வரும் வெயில் தடிப்பு

எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கும். இரண்டு காய்ச்சலும் வயலிலும் தொழுவத்திலும் இருப்பவர்களுக்கு அதிகம் வரக்கூடியவை. காய்ச்சல் விட்டதும் மாத்திரை முடியும் முன்பே வெயிலில் இறங்கினால் முகமும் புறங்கையும் வெந்ததுபோல் சிவக்கலாம். இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, நீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோசமைடு, சிப்ரோஃபிளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகள், மூட்டுவலிக்கான பைராக்சிகாம் மாத்திரை, கீட்டோப்ரோஃபென் வலி ஜெல் ஆகியவற்றாலும் சிலருக்கு இப்படி ஆகும்.

இதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. எலிக்காய்ச்சலில் மருந்தைப் பாதியில் விடுவது உயிருக்கே ஆபத்து. மாத்திரை எழுதும்போதே “நான் வெயிலில் வேலை செய்கிறேன்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று இருந்தால் தருவார். இல்லையென்றால் அத்தனை நாட்கள் வெயிலைத் தவிர்க்கச் சொல்வார்.

வெயில் தடிப்பு என்று ஏமாற்றுபவை

எல்லாத் தடிப்பும் வெயில் ஒவ்வாமை அல்ல. வேர்க்குரு வியர்வை அடைபட்டதால் வருவது. துணிக்கு உள்ளே முதுகிலும் மார்பிலும் இருக்கும். படர்தாமரை வட்டமாக, விளிம்பு தடித்து, தொடையிடுக்கு, இடுப்புப் பகுதிகளில் இருக்கும். மாங்கோசெப், குளோரோதலோனில் போன்ற பூசணக்கொல்லிகளால் வரும் ஒவ்வாமை, மருந்து பட்ட கை, முகம், கால்களில் தெளித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ தெரியும்.

இரண்டு நோய்களை மட்டும் தவறவிடக் கூடாது. ஒன்று, சத்துக்குறைவால் வருவது. நயாசின் என்ற பி வைட்டமின் குறைந்தால் கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோலவும் புறங்கை, புறங்கால்களிலும் தோல் கருத்து உரியும். நாக்கு புண்ணாகும், வயிற்றுப்போக்கு இருக்கும், மறதியும் குழப்பமும் வரும். சரியாகச் சாப்பிடாமல் தினமும் குடிப்பவர்களிடம் இதைக் காணலாம். மருந்து எளிது, கவனிக்காமல் விட்டால் உயிரிழப்பு வரை போகும். மற்றொன்று, மூக்கின் இருபுறமும் கன்னங்களில் பட்டாம்பூச்சி இறக்கைபோல் சிவந்து, மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல் ஆகியவற்றோடு வரும் லூபஸ். பெண்களிடம் அதிகம். சிறுநீரகத்தையும் பாதிக்கும் நோய் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

தடிப்பு வந்தவுடன் செய்ய வேண்டியவை

உடனே நிழலுக்கு வரவும். பட்ட இடத்தைக் குளிர்ந்த நல்ல தண்ணீரில் கழுவி, ஈரத்துணியை 10 முதல் 15 நிமிடம் போட்டு வைக்கவும். செடியோ மருந்தோ பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, உடையையும் மாற்றவும். அரிப்புக்குக் காலமைன் லோஷன் பூசலாம். ஆனால் அது வெயிலைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். தோல் வறண்டிருந்தால் வாசனை இல்லாத ஈரப்பதமூட்டும் களிம்பு போதும். கொப்புளங்களை உடைக்கக் கூடாது. மஞ்சள், வேப்பிலை, பூண்டு என்று வெந்த தோலில் அரைத்துப் பூசுவதும் வேண்டாம். அவையே சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். அரிப்புக்கு செட்ரிசின் மாத்திரை எடுத்தால் தூக்கம் வரும். அன்று டிராக்டர் ஓட்டுவது, அறுவடை இயந்திரம் இயக்குவது, இரவில் மோட்டார் போடப் போவது ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பு பற்றி ஓர் எச்சரிக்கை. அரிப்புக்கு என்று கொடுக்கப்படும் பல களிம்புகளில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வலுவான ஸ்டீராய்டுகள் உள்ளன. தடவிய இரண்டு நாளில் அரிப்பு அடங்குவதால் நல்ல மருந்து என்று நம்பிவிடுகிறோம். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பருக்கள் வந்து, முன்பைவிட வெயில் தாங்காததாகிவிடும். படர்தாமரையில் பூசினால் அது உடல் முழுவதும் பரவும். ஸ்டீராய்டு தேவையா, எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவரைப் பார்க்கும்போது இதுவரை பூசிய களிம்பின் டியூபையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

உடைதான் முதல் பாதுகாப்பு

நெருக்கமாக நெய்த, தளர்வான, முழுக்கைப் பருத்திச் சட்டை எந்தக் களிம்பையும்விட நம்பகமானது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாக ஊடுருவினால் கதிரும் ஊடுருவும். வெளிர் நிறத்தைவிட அடர் நிறமும், பலமுறை துவைத்து இழை விட்டுப்போன சட்டையைவிட நெருக்கமான துணியும் கதிரை அதிகம் தடுக்கும். வெள்ளைப் பருத்தி நனைந்தால் தடுக்கும் திறன் குறையும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு நாற்று நடும் நம் பெண்களின் வழக்கம் மிகச் சரியானது. ஆண்கள்தான் வேட்டியை மடித்துக் கட்டி, பனியனோடு நிற்கிறோம்.

தலையில் சுற்றிய துண்டு உச்சியைக் காக்கும். காதையும் பிடரியையும் காக்காது. துண்டின் ஒரு முனை பிடரியில் தொங்கும்படி கட்டி, மேலே அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பி போடுவது நல்லது. கடும் கோடையில் இப்படி மூடிக்கொண்டு நடுப்பகலில் வேலை செய்தால் உடல் சூடேறும். எனவே களையெடுப்பு, அறுவடை போன்றவற்றை விடியற்காலையில் தொடங்கி 10 அல்லது 11 மணிக்குள் முடித்து, மீதியை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளவும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர், மோர் குடிக்கவும்.

சன்ஸ்கிரீன் தேர்வு செய்வது எப்படி?

துணியால் மூட முடியாத முகம், காது, கழுத்து, புறங்கை ஆகிய இடங்களுக்குத்தான் சன்ஸ்கிரீன். வாங்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் டியூபில் உள்ள கீழ்க்கண்ட விவரங்களைப் பாருங்கள்.

எஸ்.பி.எஃப். எண்: இது பி வகைக் கதிரைத் தடுக்கும் திறனின் அளவு. சரியான அளவில் பூசினால் எஸ்.பி.எஃப். 15 சுமார் 93 சதவீதமும், 30 சுமார் 97 சதவீதமும், 50 சுமார் 98 சதவீதமும் தடுக்கும். 30க்கும் 50க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றினாலும், நாம் எப்போதும் குறைவாகவே பூசுவதால் ஒவ்வாமை உள்ளவர்கள் 50 வாங்குவது நல்லது. 100 என்று போட்டதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

பி.ஏ. குறி: ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுதான் முக்கியம். ஏ வகைக் கதிரைத் தடுக்கும் திறனை ஒன்று முதல் நான்கு கூட்டல் குறிகள் காட்டும். மூன்று அல்லது நான்கு குறிகள் இருக்க வேண்டும். எஸ்.பி.எஃப். மட்டும் எழுதி, ஏ வகை பற்றி எதுவும் சொல்லாததை வாங்க வேண்டாம்.

உட்பொருள்: துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிய தாது வகைகள் தோலை உறுத்துவது குறைவு. ஒவ்வாமைத் தோலுக்கு இவையே முதல் தேர்வு. முகத்தில் வெள்ளை பூத்ததுபோல் தெரியும் என்பது ஒரு குறை. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறமுள்ள வகைகளில் இந்தக் குறை இல்லை. முகத்தில் மங்கு உள்ளவர்களுக்கும் அவை உகந்தவை. ஆக்ஸிபென்சோன் உள்ளவற்றைத் தவிர்க்கவும்; அதுவே சிலருக்கு வெயிலோடு சேர்ந்து ஒவ்வாமை தரும். கீட்டோப்ரோஃபென் ஜெல்லால் தடிப்பு வந்தவர்கள் ஆக்டோக்ரிலீன் உள்ளதையும் தவிர்க்க வேண்டும்.

மற்றவை: வாசனை சேர்க்காததாகவும், வியர்வையிலும் தண்ணீரிலும் தாங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பசைத் தோலுக்கு ஜெல் வகையும், வறண்ட தோலுக்குக் கிரீம் வகையும் ஏற்றவை. காலாவதித் தேதியைப் பார்த்து, பில்லுடன் வாங்கவும். சந்தையில் தள்ளுவண்டியில் கிடைக்கும் மலிவுப் பொருள் வேண்டாம்.

புதிதாக வாங்கியதை உடனே முகம் முழுக்கப் பூசாதீர்கள். முன்கையின் உட்புறத்தில் ஓரிடத்தில் காலை, மாலை என ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால், வெயில் படும் இடத்தில் சிறிதளவு பூசி ஓரிரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். தேங்காய் எண்ணெய், சந்தனம், கற்றாழை ஆகியவை சன்ஸ்கிரீனுக்கு மாற்று அல்ல.

பூசும் அளவும் ஆகும் செலவும்

வெயிலில் இறங்க 15 முதல் 20 நிமிடங்களுக்கு முன் பூச வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. வியர்வையைத் துண்டால் துடைக்கத் துடைக்க அது போய்விடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறைக்குச் சுமார் 2 கிராம். நாளுக்கு மூன்று முறை என்றால் 6 கிராம். 50 கிராம் டியூப் எட்டு நாட்களில் தீர்ந்துவிடும். கை, கால்களுக்கும் பூசினால் மூன்று நாள்கூட வராது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது. ஒரு டியூபை மூன்று மாதம் வைத்துக்கொண்டு மெல்லியதாகத் தடவினால் பணமும் போகும், தடிப்பும் நிற்காது. அதனால்தான் உடையை முதலில் சொன்னேன். கை, கால், பிடரியைத் துணிக்கு விட்டுவிட்டு, முகத்துக்கும் புறங்கைக்கும் மட்டும் சன்ஸ்கிரீனை வைத்துக்கொண்டால், வாங்கும் டியூபைச் சரியான அளவில் பயன்படுத்த முடியும். 10 மணிக்கு முன் வேலையை முடிப்பவருக்கு ஒருமுறை பூசினாலே போதுமானதாக இருக்கும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பூசக் கூடாது. தூளியை அடர்ந்த மர நிழலில் கட்டுவதே வழி. நிழல் நகர நகரத் தூளியையும் மாற்றவும்.

மருந்து தெளிக்கும் நாளில்

சில சன்ஸ்கிரீன் பொருட்கள் 2,4-டி களைக்கொல்லி தோலுக்குள் ஊடுருவுவதை அதிகரிப்பதாக ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. எனவே மருந்து தெளிக்கும் நாளில் சன்ஸ்கிரீனை நம்பி கையைத் திறந்து வைக்கக் கூடாது. முழு உடை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவற்றோடு அதிகாலையில் தெளித்து, வெயில் ஏறும் முன் முடிக்கவும். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, தெளித்த உடையைத் தனியாகத் துவைக்கவும். அந்த உடையை வீட்டில் மற்றவர்களின் துணியோடு ஊறப்போட வேண்டாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வாரத்தில் தடிப்பு குறையாவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வந்தால், கண் இமை வீங்கினால், நீர்க் கொப்புளம் பெரிதானால், சீழ் வைத்தால், மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் அனுப்பும் தோல் மருத்துவரைப் பார்க்கவும். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உள்ளது. உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பயிரில் இலை மஞ்சளானால் அது சத்துக்குறையா, வேரழுகலா, சாறு உறிஞ்சும் பூச்சியா என்று பார்த்த பிறகுதான் மருந்து வாங்குகிறோம். உங்கள் தோலுக்கும் அதே முறையைக் கடைப்பிடியுங்கள். ஐந்து கேள்விகளுக்கான பதில்களை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். பார்த்தீனியம் பூக்கும் முன் வரப்பைச் சுத்தம் செய்யுங்கள். முழுக்கைச் சட்டை போட்ட பிறகு சன்ஸ்கிரீனைப் பற்றி யோசியுங்கள்.